உண்டிவில்லுக்கு ஒரு ரிப்பேர்

போன வருஷம் ஆடி மாசம் ஒரு நாள் சாயங்காலம், எங்க வீட்டம்மா என்னோட உண்டிவில்லை எடுத்துட்டுப் போயி விறகடுப்புல வைக்கப் போனாங்க. ரப்பர் எரிஞ்சா வீடே நாறும்னு ஒரு சாக்குச் சொல்லி நான் கையிலிருந்து வாங்கிட்டேன். வாங்கினேனே தவிர அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கம் வரலை. அடுப்புலயே போயிருக்கலாமோன்னுதான் நெனப்பு ஓடுச்சு. அது ஏன்னு சொல்றதுக்கு முன்னால எங்க காட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன்.

காடுன்னா யானை, புலி இருக்கற காடு இல்லைங்க. எங்க தாராபுரம் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடுன்னுதான் சொல்வோம். கிணத்துத் தண்ணி பாஞ்சா அது தோட்டம். ஆத்துத் தண்ணி, வாய்க்கால் தண்ணி பாஞ்சா வயல். எனக்கு மூணரை ஏக்கரா காடு, ஒன்றரை ஏக்கரா தோட்டம். காட்டுல ஒரு பக்கம் கொறங்காடு. மாடு, ஆடு மேய்க்கறதுக்குன்னு சுத்தியும் கிளுவை வேலி வச்சு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலா மரமுமா விட்டு வச்சிருக்கற மேய்ச்சல் பூமி அது. அந்த வெள்வேலா மரத்துலதான் மயிலுங்க ராத்தங்கும். விடிஞ்சதும் எறங்கி நேரா கடலைக் காட்டுக்கு வரும். பறந்துகூட வராதுங்க. கூலி வேலைக்கு வர்ற ஆளுங்க மாதிரி வரிசையா நடந்தே வரும்.

நிலக்கடலை விதைக்க ஏக்கராவுக்கு 50 கிலோ பருப்பு வேணும். ஏர் ஓட்டின சால்லேயே விதை விழுந்திருக்கறதால மயிலுக்கு வேலை சுலபம். ஒரு எடத்துல தோண்டி ருசி பாத்துச்சுன்னா அந்தச் சாலைப் பிடிச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் போயிடும். விதைச்ச நாள்ல இருந்து மொளைச்சு நாலு எலை விடற வரைக்கும், ஒரு பத்துப் பன்னெண்டு நாள், காலையிலயும் சாயங்காலமும் ஆளு இருந்தே ஆகணும். இல்லைன்னா மறுவிதைப்புதான். மறுவிதைப்புக்கு விதை கடன் வாங்கிடலாம். நெலத்து ஈரத்தை எங்க போயி கடன் வாங்கறது?

மயிலை ஒண்ணும் பண்ணவும் கூடாது. 1963-லேயே தேசியப் பறவைன்னு அறிவிச்சுட்டாங்க. 1972-ல வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல மொதல் அட்டவணையில அது இருக்கு. புலி இருக்கறதும் அதே அட்டவணையிலதான். முருகனோட வாகனம் வேற. பக்கத்து ஊர்ல ஒருத்தர் நெல்லுல விஷத்தைக் கலந்து வரப்புல தூவி வச்சாரு. ஏழு மயில் செத்துக் கெடந்துச்சு. அவரைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அவர் கெட்டவரெல்லாம் இல்லைங்க. ரெண்டாவது தடவை விதைச்சதும் போன ஆத்திரம். ஆனா அந்த ஏழு மயிலையும் நான் பாத்தேன். கழுத்து நீலம் மாறாம அப்படியே கெடந்துச்சு. ஈ மொய்ச்சுது. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

விரட்டறதுக்கு என்னென்னவோ செஞ்சாச்சு. ஜிகினா ரிப்பன் கட்டினேன். காத்துல மினுங்கி ர்ர்னு சத்தம் வரும். ஒரு வாரம் பயந்துச்சு, அப்புறம் அந்த ரிப்பனுக்கு அடியிலயே நின்னு கொத்துச்சு. பழைய சேலையை வரிசையாக் கட்டினேன். நாய் குரைக்கற சத்தத்தைப் பதிவு பண்ணி ஸ்பீக்கர்ல போட்டேன். மயில் பழகிடுச்சு, எங்க நாய்தான் பழகலை, ராத்திரி பூரா அந்த ஸ்பீக்கரோட சண்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு. பட்டாசு செலவு கட்டுபடியாகாது, வேலியில காஞ்ச புல்லு இருந்தா தீப்பிடிக்கும்.

மயிலுக்குப் பழகாத ஒண்ணு, அதுக்குப் பக்கத்துலயே திடீர்னு கேக்கற சத்தம். நாம வரப்புல நின்னு தகரத்தைத் தட்டினா, இவன் அங்கதான் நிக்கறான்னு அதுக்குத் தெரிஞ்சுடுது. அதே சத்தம் நாலடி தள்ளி யாருமே இல்லாத எடத்துல கேட்டா பதறி ஓடுது. இது எங்க அப்பாரு சொல்லிக் குடுத்த வித்தை. அப்பாரு சோளக் காட்டுல பரண் மேல உக்காந்து கவண்ல கல்லு வச்சு வீசுவாரு. கிளியை அடிக்க மாட்டாரு. கிளி உக்காந்திருக்கற தட்டுக்குப் பக்கத்துல கட்டி வச்ச ஓட்டைக் குடத்தை அடிப்பாரு. தினைப்புனத்துல பொண்ணுங்க கவண் வீசிக் கிளி ஓட்டினதா சங்கப் பாட்டுல இருக்குன்னு எம் பொண்ணு பத்தாவது படிக்கறப்போ சத்தமா வாசிப்பா. குறிஞ்சிப்பாட்டுல தழல், தட்டை, குளிர்னு கிளி ஓட்டற கருவிங்களுக்குப் பேரே இருக்காம். அப்போ அப்பாரு இருந்திருந்தா ‘நாம இன்னும் அதைத்தான் பண்றோமா’ன்னு சிரிச்சிருப்பாரு.

கவண் எனக்குக் கை வரலை. உண்டிவில்தான். காட்டுக்குள்ள அங்கங்க குச்சி நட்டு எண்ணெய் டப்பாவைத் தொங்க விட்டேன். மயில் வந்தா, அதுக்குக் கிட்ட இருக்கற டப்பாவை அடிக்கணும். டணார்னு சத்தம், மயில் ஓட்டம். யோசனை நல்ல யோசனைதான். அடி டப்பாவுல பட்டாத்தானே? பத்துக்கு மூணு பட்டுச்சு. மிச்சம் ஏழு எங்க போச்சுன்னு நான் கேக்கவே இல்லை.

ஏழுல ஒண்ணு ஒரு பையன் கன்னத்துல போயி விழுந்துச்சு.

எங்க சின்னாத்தா ஒருத்தங்க பக்கத்துக் கொறங்காட்டுல ஆடு மேய்ப்பாங்க. அவங்க மக வயித்துப் பேரன், அப்போ பதினோரு வயசு, லீவுல வந்திருந்தான். என்னை மாமான்னு கூப்பிடுவான். அன்னிக்கு அவன் வேலி ஓரமா ஆட்டுக்குட்டியைத் தேடிக்கிட்டு வந்திருக்கான். எனக்குத் தெரியலை. ரோட்டுக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் கல்லுல ஒண்ணை வச்சு முப்பது தப்படி தூரத்துல இருந்த டப்பாவைப் பாத்து விட்டேன். கல்லு பாதி தூரம் நேரா போயி, அதுக்கப்புறம் யாரோ கையால தள்ளி விட்ட மாதிரி வலது பக்கமா வளைஞ்சுது. வேலிக்கு அந்தப் பக்கம் ‘அம்முச்சீ’ன்னு ஒரு சத்தம்.

கண்ணுக்கு ஒரு விரக்கடை கீழ கிழிஞ்சிருந்துச்சு. ஒரு விரக்கடைங்க, அவ்வளவுதான். துண்டை வச்சு அழுத்திப் பிடிக்கச் சொல்லி வண்டியில தாராபுரம் கூட்டிட்டுப் போனேன். மூணு தையல். எப்படிப்பா ஆச்சுன்னு டாக்டர் கேட்டாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவன், “கீழ விழுந்துட்டேங்க, முள்ளு குத்திருச்சு”ன்னு சொல்லிட்டான். எனக்காகச் சொன்னான். அம்பத்தி மூணு வயசு ஆளு, நானும் ஆமாங்கன்னு தலையை ஆட்டினேன்.

சின்னாத்தா ஒரு வார்த்தை திட்டலை. “உடு சாமி, கண்ணு தப்பிச்சுது”ன்னு சொல்லிட்டு ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். அன்னிக்குச் சாயங்காலம்தான் வீட்டம்மா உண்டிவில்லை அடுப்புக்கு எடுத்துட்டுப் போனது. மூணாம் நாள் பையனோட அப்பாவுக்கு நானே போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். தையல் பிரிக்கப் போனப்போ டாக்டர்கிட்டயும் சொன்னேன். அவர் என்னை ஒரு தடவை நிமிந்து பாத்துட்டு வேலையைப் பாத்தாரு.

தூக்கிப் போட்டுட்டு வேற வழி பாத்திருக்கலாம். ஆனா கடலை மொளைச்சு நிக்குது, ஆளு வச்சுக் காவல் காக்கக் கூலி குடுக்க முடியாது. அப்போதான் எங்கப்பாவோட துப்பாக்கி ஞாபகத்துக்கு வந்துச்சு.

அவசரப்படாதீங்க, துப்பாக்கி இப்போ இல்லை. அப்பா பேருல பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருந்துச்சு. ஒத்தைக் குழல், வாய் வழியா மருந்து போட்டுக் கெட்டிக்கற பழைய துப்பாக்கி. எலக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். முடிஞ்சு திரும்பி வர்றப்போ குழலுக்குள்ள துரு ஏறியிருக்கும், அப்பா ஒரு நாள் பூரா எண்ணெய்த் துணி விட்டுத் தேய்ப்பாரு. அவர் காலமானதுக்கப்புறம் நாங்க அதைத் திருப்பி ஒப்படைச்சிட்டோம். வெத்து மருந்து போட்டுச் சத்தம் விடறதுக்குத்தான் அதிகம் பயன்பட்டுச்சு. ஆனா அப்பாவுக்குக் குறி விஷயத்துல ஒரு கிறுக்கு. அந்தக் குழலுக்குள்ள சுத்து வரி கிடையாது, குழாய் மாதிரி வழவழன்னு இருக்கும். ரவை போட்டா பரவிப் போகும். ஒத்தைக் குண்டு போட்டா அது எங்க போகும்னு சுட்டவனுக்கே தெரியாது. வெலை கூடின துப்பாக்கி வாங்க வசதி இல்லை. இருக்கறதையே அப்பா வீட்டுச் சாமானை வச்சுச் சரி பண்ணினாரு.

ஈயக் குண்டு வார்த்த எடத்துல ஒரு மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கும். அதைச் செதுக்கிட்டு, ரெண்டு தோசைக் கல்லுக்கு நடுவுல வச்சு உருட்டி உருட்டி உருண்டை ஆக்குவாரு. அம்மா தோசைக் கல்லு தரமாட்டேன்னு சண்டை போடுவாங்க, ஈயம் ஆகாதுன்னு அவங்களுக்கு அப்பவே தெரியும். கடைசியில அதுக்குன்னு ரெண்டு பழைய கல்லு தனியா வந்துச்சு. மருந்தைக் கண் மட்டத்துக்குப் போட மாட்டாரு, மூங்கில் குழல் ஒண்ணு அளந்து வெட்டி வச்சிருந்தாரு, தினம் அதே அளவுதான். கட்டையில விரிசல் விட்டு ஆட்டம் கண்டப்போ பச்சைத் தோலை நனைச்சு இழுத்துச் சுத்தித் தைச்சாரு. தோல் காஞ்சு சுருங்கினதும் இரும்புப் பூண் போட்ட மாதிரி பிடிச்சுக்கிச்சு. குழல் முனையில இருக்கற குறிமணியில இருட்டுல தெரியறதுக்கு ஒரு பொட்டு சுண்ணாம்பு. அப்புறம் ஏரிக்கரை மண்மேட்டுல சாக்கு கட்டி, மணல் மூட்டை மேல துப்பாக்கியைச் சாய்ச்சு வச்சு நாலு குண்டு சுட்டுப் பாத்துட்டு, “அம்பது தப்படிக்கு மேல இதை நம்பாதே”ன்னு சொல்வாரு. சரி பண்ணின துப்பாக்கிக்கே ஒரு எல்லை வச்சாரு. பின்னால மண்மேடு இல்லாத எடத்துல ஒத்தைக் குண்டு போட்டதே இல்லை.

நான் ரோட்டுல பொறுக்கின ஜல்லிக் கல்லை, தூரம் பாக்காம, பின்னால என்ன இருக்குன்னு பாக்காம விட்டிருக்கேன். அப்பா இருந்திருந்தா செவுள்ல ஒண்ணு வச்சிருப்பாரு.

அதனால மொதல்ல குண்டு. கோணல் கல்லு காத்துல ஒரு பக்கமாச் சாயும், எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது. கல்லையே விட்டுட்டு மண் உருண்டைக்கு மாறினேன். குளத்து வண்டலும் புத்து மண்ணும் சரிபாதி. சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையணும், கல்லு, வேரு ஒண்ணு இருக்கக் கூடாது. இருமல் மருந்து பாட்டிலோட வர்ற மூடியில 5 மில்லி கோடு இருக்கும் பாருங்க, அந்தக் கோடு வரைக்கும் மண்ணை அமுக்கி எடுத்தா எல்லா உருண்டையும் ஒரே எடை. உள்ளங்கையில உருட்டி நெழல்ல காய வைக்கணும். அவசரப்பட்டு வெயில்ல வச்சா மேல்தோல் காஞ்சு வெடிச்சிடும். அஞ்சாறு நாள் ஆகும். காஞ்சப்புறம் கோலிக் குண்டை விடக் கொஞ்சம் பெருசா இருக்கும். ஒரு தாம்பாளத்தைச் சாய்ச்சு வச்சு மேலிருந்து உருட்டி விடுங்க. நேரா எறங்கினா வச்சுக்கலாம். வளைஞ்சு போனா திரும்ப ஊறப் போட்டுப் பிசையுங்க. மொத தடவை நூறு உருட்டினதுல முப்பதுக்கு மேல திரும்பிப் போச்சு.

மண் உருண்டையில இன்னொரு நல்லது. டப்பாவுல பட்டதும் பொடிப்பொடியா ஒடைஞ்சிடும், கல்லு மாதிரி தெறிச்சுத் திரும்பாது. மழை பேஞ்சா காட்டோட கரைஞ்சிடும், கொத்துக்குக் கொளுவுல மாட்டாது. அதுக்காக மேல பட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுடாதீங்க. கிட்டத்துல இருந்து பட்டா கண்ணு போயிடும்.

அடுத்தது ரப்பர். நான் வச்சிருந்தது சைக்கிள் டியூப் வெட்டின பட்டை. ரெண்டும் ஒரே டியூப்தான், ஒரே நீளம்தான், அதனால ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சிருந்தேன். ஒரு ஆணியில தொங்க விட்டு, கீழ அரைக் கிலோ படிக்கல்லைக் கட்டிப் பாத்தேன். ஒண்ணு இன்னொண்ணை விட முக்கால் விரக்கடை கூட எறங்குச்சு. அப்படின்னா ஒவ்வொரு தடவையும் எறுக்கமான பக்கம் குண்டை இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. மருந்துக் கடையில, ரத்தம் எடுக்கறப்போ கையில கட்டுவாங்களே அந்த மஞ்சள் ரப்பர் டியூப், மீட்டர் 80 ரூபாய்னு குடுத்தாங்க. சைக்கிள் டியூபை விட இது இழுக்கவும் மெது, விட்டா சட்டுனு சுருங்கவும் செய்யும். ரெண்டு துண்டு வெட்டி, படிக்கல் கட்டி, கூட எறங்கினதைக் கொஞ்சம் கொஞ்சமா நறுக்கிச் சமமாக்கினேன். மொத்தத்துல செலவுன்னு சொன்னா இந்த 80 ரூபாய்தான்.

இந்த ரப்பருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெயில் ஆகாது. காட்டுல போட்டு வச்சா ரெண்டு மாசத்துல பொரிஞ்சு போயிடும். பவுடர் தடவி, இருட்டா ஒரு டப்பாவுல வைக்கணும். பெரும்பாலும் தோல்கிட்டத்தான் அறுந்து போகும், ஆனா கவட்டைகிட்ட அறுந்தா மூஞ்சிக்குத்தான் வரும். தினமும் இழுத்துப் பாத்துட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் எடுக்கணும். எனக்கு எப்படியும் கண்ணாடி உண்டு, வயசாச்சு.

தோலுக்கு நாய் கடிச்சுப் போட்ட என் பழைய செருப்பு. மேல்வார் மெத்துனு இருக்கும். ரெண்டா மடிச்சு வெட்டினா ரெண்டு பக்கமும் சரியா வரும். நடு மத்தியில ஒரு சின்ன ஓட்டை போட்டேன், உருண்டை தினமும் அதே குழியில போயி உக்காரும். இந்த ஓட்டைக்கு முன்னால நான் உருண்டையைக் குத்துமதிப்பா வச்சுக்கிட்டிருந்தேன்.

கவட்டைக்குப் பழைய புளியங்கட்டையையே வச்சுக்கலாம்னு பாத்தேன். அதுல ஒரு கை நீட்டம், ஒரு கை குட்டை. சின்ன வயசுல இருந்தே நான் கொய்யா மரத்துக் கட்சி. நார் பிடிப்பான கட்டை, திடீர்னு ஒடியாது. தோட்டத்துல ஒரு கவட்டையை வெட்டி, ரெண்டு கையும் ஒரே அகலத்துல நிக்கற மாதிரி நடுவுல ஒரு குச்சி வச்சுக் கயித்தால கட்டி, மாட்டுக் கொட்டாயில ஒரு மாசம் தொங்க விட்டேன். நெழல்லயே காஞ்சு அப்படியே நின்னுக்கிச்சு.

குறிமணி வேணும்ல? ஒரு கை முனையில எம் பொண்ணோட நகப்பூச்சுல ஒரு பொட்டு வச்சேன். போன்ல சொன்னப்போ, “ஏம்ப்பா, அது 250 ரூபாய்ப் பூச்சுப்பா”ன்னு கத்தினா. அந்தக் கணக்கையும் சேத்தா 80 ரூபாய் கணக்கு பொய்யாப் போயிடும். பாத்துக்கோங்க, உண்டிவில்லை நட்டமாப் பிடிக்காம படுக்க வசத்துல பிடிச்சா, ரெண்டு ரப்பரும் கண்ணுக்கு நேர் கீழ ஒண்ணு மேல ஒண்ணா வரும். இடது வலது தப்பு அதுலயே பாதி போயிடும். மேல இருக்கற முனையோட பொட்டுத்தான் குறி. அப்புறம் ஒவ்வொரு தடவையும் கடவாய் ஓரத்துக்கு இழுத்து நிறுத்தணும். ஒரு நாள் காது வரைக்கும், ஒரு நாள் தாடை வரைக்கும்னு இழுத்தா, அப்பா மருந்தைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போட்ட மாதிரி. மூங்கில் குழல் எதுக்குன்னு எனக்கு நாப்பது வருஷம் கழிச்சுப் புரிஞ்சுது.

எல்லாம் முடிச்சுட்டு வைக்கப்போர் மேல சாக்கைத் தொங்க விட்டு, கரியால ஒரு வட்டம் போட்டு, இருபது தப்படியில இருந்து பத்து பத்தா விட்டுப் பாத்தேன். பழைய வில்லுல ஜல்லிக் கல்லு விழுந்த அகலம் ஒரு கயித்துக் கட்டில் அளவு. புதுசுல மொறத்துக்குள்ள அடங்குச்சு. ஒரு மாசப் பழக்கத்துல ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துச்சு. முப்பது தப்படியில பத்துக்கு ஏழு டப்பா. நாப்பதுல நாலு. அதனால முப்பதுதான் என் எல்லை. அதுக்கு மேல இருக்கற மயிலை நடந்து போயித்தான் விரட்டுவேன்.

டப்பா எல்லாத்தையும் எடம் மாத்தினேன். வேலிப் பக்கமா இருந்த ரெண்டைப் பிடுங்கியாச்சு. இப்போ ஒவ்வொரு டப்பாவுக்குப் பின்னாலயும் ஏதாச்சும் மண்மேடு இருக்கு. ரெண்டுக்கு வரப்பு, ஒண்ணுக்குக் கிணத்து மண்ணு, இன்னொண்ணுக்கு மேடே இல்லைங்கறதால டிராக்டர்காரரை விட்டு நாலு தள்ளு தள்ளச் சொன்னேன். “எதுக்குங்கண்ணா இந்தக் குமி?”ன்னு கேட்டாரு. மயிலுக்குன்னு சொன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாரு. விடறதுக்கு முன்னால “யாரு அங்கே”ன்னு ஒரு சத்தமும் போடுவேன். அந்தச் சத்தத்துக்கே மயிலு ரெண்டு தள்ளிப் போயிடுது, அது வேற விஷயம்.

காட்டுப் பன்னிக்கு இது ஆகுமான்னு கேப்பீங்க. ஆகாது. பன்னி டப்பாவையும் சேத்து உழுதுட்டுப் போயிடும். அதுக்கு 2025 ஜனவரியில அரசாங்கம் ஒரு முறை சொல்லியிருக்கு. காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது, ஒண்ணுல இருந்து மூணுக்குள்ள பிடிச்சுக் காட்டுல விடணும், மூணுக்கு மேலன்னா வனத்துறை ஆளுங்களே சுடலாம். நாம மனு எழுதித்தான் குடுக்கணும். உண்டிவில்லைத் தூக்கிக்கிட்டுப் பன்னி முன்னால போயி நின்னுடாதீங்க.

இந்த வருஷம் ஆடியில விதைச்சேன். பன்னெண்டு நாளும் காலையில ஆறு மணியில இருந்து எட்டரை, சாயங்காலம் நாலுல இருந்து இருட்டற வரைக்கும் வரப்புல உக்காந்திருந்தேன். போன வருஷம் ஏக்கராவுல கால்வாசி மறுபடி ஊன வேண்டி வந்துச்சு. இந்த வருஷம் ஒரு மொறம் விதைதான் பாடு விழுந்த எடத்துல கையால ஊனினேன். மயிலு ஒண்ணு மேலயும் ஒரு உருண்டை படலை. நாள் ஏழுல ஒரு பொட்டை மயிலு டப்பா சத்தத்தைக் கேட்டுத் தலையை மட்டும் தூக்கிப் பாத்துட்டு மறுபடி குனிஞ்சுது. பழகுது. அன்னிக்கே ரெண்டு டப்பாவை எடம் மாத்தி, ஒண்ணுக்குப் பதிலா உடைஞ்ச ஈயச் சொம்பைக் கட்டினேன். சொம்புச் சத்தம் வேற மாதிரி.

பையன் இந்த வருஷமும் லீவுக்கு வந்தான். கன்னத்துல ஒரு கோடு, கிட்ட நின்னு பாத்தாத்தான் தெரியும். வந்த அன்னிக்கே, “மாமா, அது இன்னும் இருக்குதா?”ன்னு கேட்டான். வீட்டம்மா எம் மூஞ்சியைப் பாத்தாங்க. உண்டிவில்லை நான் அவன் கையில குடுக்கலை. தாம்பாளத்தைத்தான் குடுத்தேன். திண்ணையில உக்காந்து உருண்டையை ஒவ்வொண்ணா உருட்டிப் பாத்து, நான் நல்லா இருக்குன்னு வச்சதுலயே பதினெட்டைத் தள்ளிட்டான். “இது வளையுது மாமா, நீங்க சரியாப் பாக்கலை”ன்னான். நான் வாதம் பண்ணலை.

போன வாரம் தெக்காலக் காட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டாரு.

“ஏப்பா, உன்ற மயிலெல்லாம் இப்ப என்ற காட்டுல நிக்குது. என்ன பண்ணித் தொலைச்சே?”

சொன்னேன். அவருக்கும் ஒண்ணு வேணுமாம். கொய்யாக் கவட்டை ஒண்ணு மாட்டுக் கொட்டாயில தொங்குது, ரப்பர் அவரே வாங்கிட்டு வரட்டும். அவர் காட்டுல டப்பா எங்கெங்க கட்டலாம், பின்னால மண்மேடு இருக்கா, அந்தப் பக்கம் யாரு நடக்கற பாதைன்னு பாக்க ஞாயித்துக்கெழமை போறேன்.